மூன்று மணிப் படம்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ், நாங்கள் சொல்லும் நத்தார், மதியச் சாப்பாட்டோடு முடிவதில்லை. மூன்று மணிக்குப் படம் போட வேண்டும். அப்பா இளவயதில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் ஏழு தரம் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். அவர் செத்த பிறகும் நாங்கள் அதை விடவில்லை. பூசைக்குப் போகாதவர்கள்கூட எங்கள் குடும்பத்தில் உண்டு. அந்தப் படத்துக்கு வராதவர்கள் இல்லை.

படத்தின் நடுவில் ஒரு காட்சி. கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வரமாட்டான் என்று கடிதம் வருகிறது. மணப்பெண் அழாமல் மாலையைக் கழற்றித் தகப்பன் கையில் கொடுத்து, வேறு யாருக்காவது உதவும் என்கிறாள். அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லோரும் என் அக்கா பக்கம் திரும்பி, அவளைப் பார்த்து அதே வசனத்தை ஒன்றாகச் சொல்வோம். அக்காவுக்குப் பேசியிருந்தவன் கனடாவிலிருந்து வாறன் வாறன் என்று சொல்லியே அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன். அவளுக்கென்று எடுத்த வெள்ளைச் சீலையில்தான் பிறகு நான் கல்யாணம் கட்டினேன். வசனம் சொல்வதைப் பகிடி என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம். அக்காவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கேக் வெட்ட எழுந்து போவாள்.

போன வருசம் லண்டனிலிருந்து அண்ணை குடும்பத்தோடு வருவதென்று முடிவானது. குடும்பத்துக்கென்று கைத்தொலைபேசியில் ஒரு குழு தொடங்கினோம். யார் ரோல்ஸ் பொரிப்பது, யார் குடில் கட்டுவது, பெரிய டிவியை யார் கொண்டுவருவது என்று இரண்டு மாதம் ஒரே கதை. அக்காவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அவளைப் பற்றித்தானே அதிகம் கதைத்தோம்.

ஒரு நாள் அக்கா குருநகரிலிருந்து பஸ் ஏறி, கோப்பாயில் என் வீட்டுக்குச் சட்டை அளவெடுக்க வந்தாள். அவள் தையல்காரி. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"இந்த முறை அந்தப் படம் வேண்டாமெண்டு அண்ணையிட்டை ஒருக்காச் சொல்லுறியே? நான் சொன்னா மூஞ்சையை நீட்டுறன் எண்டுவினம்."

"ஓம் அக்கா, நான் சொல்லுறன்."

அவள் அப்படி எதையும் என்னிடம் கேட்டதில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து குழுவில் எழுதினேன்: "அக்காவுக்கு இந்த முறை படம் வேண்டாமாம். கண்ணீர் வத்திப் போச்சாக்கும்." அப்ப ரெண்டு தரம் போடுவம் என்று அண்ணை பதில் போட்டார். ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல காரணம் இல்லை. நாலு பேரைச் சிரிக்க வைக்கிற வாய் எனக்கு. அதற்கு அக்காதான் வசதியாகக் கிடைத்தாள்.

நத்தாரன்று குருநகர் வீட்டில் மூன்று மணிக்கு அக்கா அடுப்படியை விட்டுத் தானாக வந்து அமர்ந்தாள். பவுடர்கூடப் போட்டிருந்தாள். "என்ன படம்?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். அப்பாவின் படத்தின் இசை தொடங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோல்ஸைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

காட்சி நெருங்க, அண்ணை தன் போனை அவளிடம் நீட்டினார். "எல்லாற்றை மூஞ்சையும் விழ ஒரு போட்டோ எடுத்துக் குறூப்பிலை போட்டுவிடு." அவள் அந்தக் குழுவில் இல்லை என்பது அந்த நேரம் அவருக்கு நினைவில்லை. அக்கா டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நாங்கள் அவளைப் பார்த்து வசனத்தைச் சொன்னோம். நானும் சொன்னேன். என் குரல்தான் பெரிதாக இருந்தது. எடுத்து முடித்தும் அவள் குனிந்தபடி நெடுநேரம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அனுப்பத் தெரியாமல் நிற்கிறாள் என்று சிரித்தோம்.

பிறகு அடுப்படிக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சொன்னனியே?"

"எவ்வளவோ சொன்னனான் அக்கா. அவை கேக்கேல்லை."

"சரி," என்றாள். "நீ என்ன செய்வாய்."

கோப்பாய்க்குத் திரும்பி வந்துதான் குழுவைத் திறந்தேன். அண்ணையின் போனிலிருந்து அந்தப் போட்டோ வந்திருந்தது. வெறுமனே இல்லை, நான் முன்பு எழுதிய கண்ணீர்ப் பகிடிக்கு மறுமொழியாக. எல்லோரும் வாயைத் திறந்தபடி, நடுவில் நான். அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். நான் அடுப்படிக்குப் போக முன்னமே அனுப்பியிருந்தாள். எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் சொன்னனியே என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

அண்ணை போகும்போது அவளையும் குழுவில் சேர்த்துவிட்டுப் போனார். இந்த வருசம் நத்தார்க் கதையைத் தொடங்கியதே அக்காதான். "மூண்டு மணிக்குப் படம். ஒருத்தரும் தப்பேலாது. இந்த முறை வசனத்தைத் தங்கச்சி தனியச் சொல்லட்டும். அவளுக்குத்தான் நல்லா வரும்."

எனக்கு அந்தப் படம் வேண்டாம். வேண்டாமென்று எனக்காகச் சொல்லச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? குழுவில் எல்லோரும் சிரிப்புப் போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.