இரண்டு வாரத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வயிற்றில் சுமந்தது ஐந்து, வளர்த்து ஆளாக்கியது நாலு. நாத்தனார் பிள்ளை ஒன்றும் என் கையில்தான் வளர்ந்தது, ஆகவே ஐந்து என்றே கணக்கு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகை படிப்பேன், எழுத்துக் கூட்டிப் பேப்பர் பார்ப்பேன். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. இதை நான் சொல்கிறேன், மூத்த மகனின் மகள் எழுதுகிறாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், கம்ப்யூட்டர் கம்பெனியில் எப்படி வேலை நடக்கும் என்று உனக்கு என்ன அத்தை தெரியும் என்று என் தம்பி மகன் கேட்டான். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். தெரியும். ஆறு வருஷம் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

நான் பிறந்தது கடப்பாக்கம். அப்பா கடலுக்குப் போனவர். வாழ்க்கைப்பட்டது திருப்போரூர். வீட்டுக்காரர் காலமான பிறகு மூத்த மருமகளைச் சேர்த்துக்கொண்டு சமையல் ஆர்டர் எடுத்தேன். பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்தி, நெல் விளைந்த நிலத்தில் கல் நட்டு மனை விற்ற காலம். சாலையோரம் கண்ணாடி வைத்து ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் வந்தது. நாற்பது பேர். பக்கத்தில் டீக்கடையைத் தவிர ஒன்றும் கிடையாது. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து போயிற்று.

தினமும் பத்து மணிக்கு நான் போய் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டு வருவேன். அந்த நேரத்தில்தான் அவர்கள் சுவரோரம் நின்று பேசுவார்கள். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் மூன்று கட்டம், கட்டத்துக்குள் மஞ்சள் சீட்டுகள். இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றில், செய்துகொண்டிருப்பது ஒன்றில், முடிந்தது கடைசியில். எல்லாம் இரண்டு வாரத்து வேலை மட்டும்தான், அது முடிந்த பிறகுதான் அடுத்த இரண்டு வாரத்துக்குச் சீட்டு எழுதுவார்கள். இதற்கு அஜைல் என்று பெயர் என்று அந்தக் குழுவுக்குத் தலைவியாக இருந்த பெண் சொன்னாள். மதுரைப் பக்கத்துப் பெண், நல்ல பெண். எதற்கு நின்றுகொண்டே பேசுகிறீர்கள் என்று கேட்டேன். உட்கார்ந்தால் பேச்சு வளருமாம்.

"எங்க வூட்டு அடுப்பாங்கரையில உக்காந்து பேச எவளுக்கு நேரம் கீது பாப்பா? நாங்க பொறந்ததுலேர்ந்தே நின்னுகினுதான் பேசறோம்" என்றேன். அவள் அதை மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் நான் பார்க்காமல் விடவில்லை. ஒரு பையன் தினமும் முடிந்தது, முடிந்தது என்பான். சீட்டு கடைசிக் கட்டத்துக்குப் போகும், மறுநாள் திரும்பி நடுக்கட்டத்துக்கு வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. குழம்பு முடிந்தது என்றால் தட்டில் ஊற்றிச் சாப்பிடலாம் என்று அர்த்தம். தாளிப்பதுதான் பாக்கி என்றால் அது முடியவில்லை. இதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்த சீட்டைத் தொடக்கூடாது என்று அந்தப் பெண் எல்லோரையும் கண்டிப்பாள். எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு அடுப்பு. நாங்களோ ஐந்து சட்டியையும் ஒரே நேரத்தில் கூட்டிவைத்து மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவோம், பதினோரு மணிக்கு ஐந்தும் அரைவேக்காடாக நிற்கும். அன்றிலிருந்து இரண்டு அடுப்புக்கு இரண்டு சட்டி என்று வைத்தேன். சாப்பாடு ஏற்றிப்போகும் வேன் வருவதற்குள் எல்லாம் இறங்கியிருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாசி மாதத்தில் ஆபீஸ் நிர்வாகத்துக்குப் புது அதிகாரி வந்தார். மூன்று மாதத்துக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். எந்தத் தேதிக்கு எந்தக் குழம்பு, எந்தப் பொரியல், எல்லாம் கட்டம் கட்டி அச்சடித்தது. புதன்கிழமை தோறும் வஞ்சரம் வறுவல். கடலில் என்ன வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார். எதிர்த்துப் பேச வேண்டாம், போட்டுவிடுங்கள் என்று மருமகள் கெஞ்சினாள். அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். போட்டேன். அது என் தப்பு, அவள் தப்பு இல்லை.

பங்குனியிலேயே ஒரு புதன்கிழமை கிருத்திகை வந்தது. பாதிப் பேர் மீன் வறுவலைத் தொடவில்லை. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, ஓரத்தில் போகும் சின்னப் படகுகள் மட்டும்தான். நெம்மேலிக் கரையில் காலையில் போய் நின்றால் நெத்திலி, காரப்பொடி மாதிரிச் சின்ன மீன்தான் வரும். வஞ்சரம் எங்கே வரும்? அதிகாரியிடம் சொன்னேன். பட்டணத்து மார்க்கெட்டில் ஐஸ் மீன் கிடைக்குமே, வாங்கிப் போடுங்கள் என்றார். வாங்கினேன். எத்தனை நாள் ஐஸில் கிடந்ததோ, மசாலாவை எவ்வளவு பூசினாலும் அது மறைக்கவில்லை. அன்றைக்கு மிச்சம் கொட்டும் வாளி நிரம்பி வழிந்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டால் வாயால் எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள். அதனால் நான் வாயைக் கேட்பதில்லை, வாளியைப் பார்ப்பேன்.

அடுத்த புதன்கிழமை பட்டியலை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, நெம்மேலிக்குப் போய் நெத்திலி வாங்கிவந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். வாளி காலி. சாயங்காலமே அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். பட்டியலை மீறியதால் மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கடிதம் தயாராக இருந்தது. நான் வாளியைக் கழுவாமல் கையோடு எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன். மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கையெழுத்துப் போட்டீர்களா இல்லையா என்று கேட்டார். போட்டேன், போட்டிருக்கக் கூடாது என்றேன். காலி வாளியை அவர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சார், சுவத்துல ரெண்டு வாரத்துக்கு மேல ஒரு சீட்டாச்சும் கீதா, காட்டுங்க. அவ்ளோ படிச்ச புள்ளைங்களே மூணு மாசம் கழிச்சி இன்னா ஆவும்னு சொல்ல மாட்டேங்குதுங்க. கடல்ல இன்னா வரும்னு நான் மட்டும் எப்படி சொல்றது?"

"அது சாஃப்ட்வேரும்மா. இது சோறு."

"சோறுதான் சார் தெனமும் வேணும்."

அவருக்குக் கோபம் வந்தது. அந்த மதுரைப் பெண்ணைக் கூப்பிட்டு, நீயே இவர்களுக்கு எடுத்துச் சொல் என்றார். அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நமக்கு வேலை குடுக்கற வெளிநாட்டுக்காரங்ககிட்ட நாம சொல்றதத்தான் சார் அம்மா நம்மகிட்ட சொல்றாங்க" என்றாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக்குக் காகிதம் காட்ட வேண்டியவர். கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். பிறகு, சரி, இரண்டு இரண்டு வாரமாகப் போடலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் வந்து உட்கார வேண்டும். சாப்பிட்டவர்கள் குறை சொல்வார்கள். எல்லோரும் சொல்லி முடிக்கும் வரை நான் பதில் பேசக்கூடாது. அவர்களுக்கும் அதே சட்டம்தானாம்.

சண்டை போட்டு ஜெயித்த எனக்கு இதுதான் கசந்தது. ஐந்தை வளர்த்தவள், என் சமையலை என் மாமியார் கூடக் குறை சொன்னதில்லை. முதல் வெள்ளிக்கிழமை சின்னச் சின்னப் பிள்ளைகள் வரிசையாகச் சொன்னார்கள். சப்பாத்தி தோல் மாதிரி இருக்கிறதாம். புளிக்குழம்பில் புளி அதிகமாம். பொரியல் பிடிக்காமல் ஒருவன் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டுவருகிறானாம். திங்கட்கிழமை சாம்பாரில் பருப்பு வேகவே இல்லையாம். டம்ளரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பது பிள்ளை பெறுவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முடிந்த பிறகு எழுந்தேன். சப்பாத்தியைச் சரி செய்கிறேன், பொரியலை மாற்றுகிறேன், சாம்பாரைப் பார்க்கிறேன். புளியைக் குறைக்க மாட்டேன். பிடிக்காதவர்கள் அன்றைக்குத் தயிர்ச் சோறு சாப்பிடட்டும் என்றேன். சொன்னதெல்லாம் கேட்டாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லையே.

வீட்டுக்கு வந்து மருமகளை எதிரில் உட்காரவைத்தேன். திங்கட்கிழமை சாம்பார் ஏன் அப்படி இருக்கிறது, சொல், நீ முடிக்கும் வரை நான் பேச மாட்டேன் என்றேன். அவள் நம்பவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கருங்குழியில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருவாள். வந்த பிறகுதான் பருப்பு ஊறும்.

"வேகலன்னு எனக்குத் தெரியும் அத்தே. சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல. தாய் வூட்டுக்குப் போறத நிறுத்திடுவீங்கன்னு பயம்."

பன்னிரண்டு வருஷம் அவள் என்னோடு நின்று சமைத்தவள். எனக்கு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பேச மாட்டேன் என்று நானே சொல்லியிருந்தேன், அதனால் விழுங்கினேன். அவள் முடித்த பிறகும் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, எனக்கு அது வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பருப்பை நானே ஊறவைத்தேன். நீ இருந்துவிட்டு நிதானமாக வா என்று காலையில் அவளைப் பஸ் ஏற்றும்போதே சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு உப்பு குறைந்தால் அவள் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். எரிச்சலாகத்தான் இருந்தது. குழம்பு நன்றாக இருந்தது.

அந்த ஆறு வருஷம் முடியும் வரை, இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை தவறாமல் அடுத்த இரண்டு வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பலர் இதைப் பார்த்துவிட்டு, எந்த நேரமும் நிறுத்திவிடுவார்களே என்று எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. இரண்டு வாரம் முடிந்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கும் உரிமை இருந்தது. மூன்று மாதத்துக் காகிதத்தில் அது கிடையாது. நடுவில் இன்னொரு அதிகாரி வந்து ஒரு வருஷத்துக்குப் பட்டியல் நீட்டினார். அவரிடம் முடியாது என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவரும் இரண்டு வாரத்துக்கு வந்தார். பிறகு ஆபீஸ் பெரிய கட்டடத்துக்கு மாறிப்போயிற்று, அங்கே அவர்களுக்குச் சொந்தமாகக் கேன்டீன் இருந்தது. அவர்கள்தான் இடம் மாறினார்கள். என்னை யாரும் நிறுத்தவில்லை.

அந்த முறையை அவர்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்ததாகச் சொல்வார்கள். வாங்கட்டும். நெம்மேலிக் கரையில் நின்று மீன் வாங்கியவளுக்கு அது புதுசு இல்லை. வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் புதுசு, அதற்கும் எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. இதைத்தான் தம்பி மகனிடம் சொல்ல வேண்டும்.

போதும். எங்கே, முதலிலிருந்து படி. உன் அம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினாயா, இல்லை எனக்காக இனிப்புத் தடவினாயா என்று பார்க்கிறேன். நீ படித்து முடிக்கும் வரை நான் பேச மாட்டேன்.