நாற்காலி வேண்டாமென்றவர்

மூட்டுகளை வீங்கவைக்கும் அந்தக் காய்ச்சல் காமயகவுண்டன்பட்டியை முடக்கிப்போட்ட வருடம், நான் பாடம் நடத்தும் பத்தாம் வகுப்புக்கு நோய் பரவுவதைப் பற்றிச் சொல்ல ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். ஒல்லியான ஆள். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் சின்ன டார்ச் லைட். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல், சன்னலுக்கும் கரும்பலகைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் முன்தினம் சொல்லியனுப்பியபடி, வீட்டில் திறந்து கிடந்த தண்ணீரைப் பிள்ளைகள் பாட்டிலில் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தியுடையது திராட்சைத் தோட்டத்து டிரம்மில் எடுத்தது.

“மருந்து கலக்குற டிரம்மு சார். அங்கன எந்தப் புழு பொழைக்கும்?”

அவர் டார்ச் அடித்தார். பாட்டிலுக்குள் புழுக்கள் துள்ளின.

“மருந்தடிச்சு முடிச்ச பெறகு மழை பெஞ்சுச்சுல்ல? இது அந்தத் தண்ணி. இந்தப் புழுதான் கொசுவாகி, காய்ச்சக்காரரைக் கடிச்சிட்டு உன்னையக் கடிக்கும்.”

மணி அடித்தது. “இப்பவாவது உக்காருங்க சார்,” என்றேன்.

“உக்காந்தா எந்திரிக்க முடியாது டீச்சர். முட்டி ரெண்டும் போச்சு. ஊரு பூரா தொட்டியக் கவுத்தேன். எங்க வீட்டுத் தொட்டியப் பாக்கல.”

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கடைசி வகுப்பு முடியும்வரை நானும் உட்காரவில்லை. எங்கள் மொட்டைமாடியில் என்னென்ன கவிழ்க்காமல் கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.