பயண அட்டையில் நாலாவது பேர்

கனகா மைசூருக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். கர்நாடக எல்லைக் கிராமமான மார்டள்ளியில் அவளுடைய புருஷன் நஞ்சுண்டசாமி இன்னொருத்தியைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டான். குழந்தை பெறாதவள் ஒதுங்கிக்கொள்வதுதான் மரியாதை என்று அவன் வீட்டார் பேசினார்கள். மைசூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அண்ணன் உதயகுமார் வந்து, "கொஞ்ச நாளைக்கு எங்கூட இரு" என்று பஸ் ஏற்றிக் கூட்டிப்போனான். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷமாக நீண்டது.

அண்ணி சொர்ணலதா சேலத்துக்காரி. கனகா வந்த மறு வாரமே பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்திவிட்டாள். அண்ணனின் ஒரே மகள் மனிஷாவுக்கு அப்போது ஐந்து வயது.

வருஷா வருஷம் மே மாதம் அவர்கள் மூவரும் எங்காவது போய்வருவார்கள். பெட்டி கட்டுவது கனகாவின் வேலை. முதல் வருஷம் ஊட்டி. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடுக்கியவள் குழந்தையின் ஸ்வெட்டரை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டாள். ஊட்டியில் குழந்தை குளிரில் வெடவெடத்ததாம். திரும்பி வந்த சாயங்காலம் சொர்ணலதா காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கனகாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, கட்டிய சேலையோடு நிற்கவைத்து, தொட்டித் தண்ணீரை நாலு குடம் தலையில் ஊற்றினாள்.

"அப்படியே நில்லு. குளிர்னா என்னன்னு தெரியட்டும்."

உதயகுமார் உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். மனிஷா வாசற்படியில் உட்கார்ந்து அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். சேலை உடம்பிலேயே காயும்வரை கனகா நின்றாள்.

அடுத்த வருஷம் அவள் எதையும் மறக்கத் தயாராக இல்லை. சேலைப் பெட்டியின் அட்டையை வெட்டி எடுத்தாள். ஏழாம் வகுப்பு வரை கன்னடத்தில்தான் படித்திருந்தாள். அதனால் கன்னடத்திலேயே எழுதினாள். ஒவ்வொருவரும் காலையில் கண் விழிப்பதிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்வார்கள் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பல் தேய்க்கிறார்கள், குளிக்கிறார்கள், அண்ணன் முகம் மழிக்கிறான், அண்ணி பின்னல் போடுகிறாள். அந்தந்த வேளைக்கு வேண்டிய பொருள் அந்த வரிசையிலேயே அட்டையில் ஏறியது. மேலே மூன்று பேர், கீழே மூன்று பத்தி. அதன்மேல் கண்ணாடிக் காகிதம் ஒட்டினாள். மனிஷாவின் நீலக் கிரேயானால் அதில் குறி போட்டுக்கொள்ளலாம்; ஊருக்குப் போய்வந்ததும் ஈரத் துணியால் துடைத்தால் அடுத்த வருஷத்துக்கு அட்டை தயார்.

அதோடு விடவில்லை. அவர்கள் திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிக்கும்போதே பார்ப்பாள். மடிப்புக் கலையாமல் வந்ததை, கண்ணாடிக் காகிதத்தைப் பிரித்து அட்டையில் அடித்துவிடுவாள். அங்கே போய் வாங்க நேர்ந்தது என்ன என்று அண்ணனிடம் கேட்டு, நகவெட்டி, ஊக்கு, துணி காயப்போடக் கயிறு என்று சேர்த்துக்கொள்வாள். நாலாவது வருஷம் அட்டையில் நாற்பத்திரண்டு சாமான்கள் இருந்தன. கேஸை மூடு, பால்காரரிடம் சொல் என்பதெல்லாம் அதில் கிடையாது. வீட்டில்தான் அவள் இருந்தாளே.

பக்கத்து வீட்டு கௌரம்மா அந்த அட்டையைப் பார்த்து அசந்துபோய் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். "எல்லாம் நான் ரோசன பண்ணி எழுதவெச்சது" என்றாள் சொர்ணலதா. அதில் ஒரு எழுத்துக்கூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கனகா அடுப்பங்கரையில் வெங்காயம் அரிந்தபடி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

தொண்ணூற்றேழில் ராமேஸ்வரம் போவதாக முடிவாயிற்று. உதயகுமாருக்கு வயிற்றுப் புண். ஓட்டல் காரம் ஆகாது.

"நீயும் வா கனகா. ஒரு ஸ்டவ்வ எடுத்துக்குவோம். எனக்குத் தனியாச் சோறு ஆக்கிப்போடு" என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது.

"நானுங்களாண்ணா?"

"ஆமா, நீதான்."

சொர்ணலதா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கனகா கடலைப் பார்த்ததில்லை. மத்தியான வேளைகளில் கௌரம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டி, அந்தக் காசில் பச்சை நிறத்தில் ஒரு ரெக்சின் பை வாங்கினாள். அட்டையின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே, கண்ணாடிக் காகிதத்தின் மேலேயே, நீலக் கிரேயானால் நாலாவது பத்தி போட்டுத் தன் பேரை எழுதினாள். சேலை இரண்டு, துண்டு, சீப்பு, தலைவலித் தைலம். அதன் கீழே முதல் தடவையாக, கேஸ், தண்ணீர்க் குழாய், பால்காரர், சாவி கௌரம்மாவிடம்.

புறப்படும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சொர்ணலதாவின் தங்கை ஸ்ரீதேவி சேலத்திலிருந்து வந்து இறங்கினாள். ஊருக்கு வழியனுப்ப வந்திருக்கிறாள் என்றுதான் கனகா நினைத்தாள். அவளுக்கும் சேர்த்துச் சப்பாத்தி இட்டாள்.

மறுநாள் காலை வாடகை வேன் வாசலில் நின்றது. கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க அட்டையை எடுத்தாள் கனகா. மூன்று பத்திதான் இருந்தது. ஓரம் ஈரமாக இருந்தது.

"இதுல எழுதியிருந்தது...?"

"என்னமோ புதுசாக் கிறுக்கியிருந்துச்சு. என்னன்னு மனிஷாகிட்டக் கேட்டேன். அத்தை பேருன்னா. தொடைச்சுட்டேன்" என்றாள் சொர்ணலதா. காது ஜிமிக்கியைத் திருகியபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஸ்ரீதேவி வர்றா. சோத்த அவ பாத்துக்குவா. வேன்ல எடமில்ல."

கனகா அண்ணனைப் பார்த்தாள். அவன் மேற்கூரையில் பெட்டி கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"அண்ணா, நீங்கதானுங்களே வரச் சொன்னீங்க."

"வீட்ட ஆராச்சும் பாத்துக்கோணுமல்ல" என்றான், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

அதோடு முடியவில்லை. ஸ்ரீதேவி கொண்டுவந்திருந்த பையின் ஜிப் அறுந்துபோயிருந்தது. சொர்ணலதா கனகாவின் பச்சைப் பையை எடுத்தாள். வாசல் சிமெண்டில் கவிழ்த்து உதறினாள். சேலை, துண்டு, உள்பாவாடை எல்லாம் தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கிடந்தன. தைலப் புட்டி உருண்டு சாக்கடை ஓரம் போயிற்று. தங்கையின் துணிகளை அதில் அடுக்கி ஜிப்பை இழுத்தாள். "நல்ல பை" என்றாள் ஸ்ரீதேவி.

மனிஷாவுக்கு இப்போது பதினொரு வயது. வேன் ஜன்னலிலிருந்து, "அத்தை, என் ரோஜாச் செடிக்குத் தெனம் தண்ணி ஊத்தணும், மறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இழுத்துக்கொண்டாள்.

கனகா துணிகளைப் பொறுக்கினாள். கௌரம்மா தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கோலப்பொடி டப்பாவோடு உள்ளே போய்விட்டாள். அதுதான் கனகாவை அதிகமாகச் சுட்டது.

இரண்டு நாள் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அட்டையைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். கண்ணாடிக் காகிதம் சுருண்டு நாறியது. கேஸையும் குழாயையும் மூடி, சாவியைக் கௌரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவளுக்குக் கரி கலந்த மாவு அனுப்புகிற ஊதுபத்திப் பட்டறைக்கே நடந்துபோய் வேலை கேட்டாள். பட்டறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறையை நாலு பெண்களோடு பங்கிட்டுக்கொண்டாள்.

உதயகுமார் அவளைத் தேடி வரவில்லை. மறு வருஷம் ஏப்ரல் கடைசியில்தான் வந்தான். பட்டறை வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அந்த அட்டை எங்க?"

"அடுப்புல போட்டுட்டேங்கண்ணா."

"உன்ர அண்ணி என்னையப் போட்டுப் பிடுங்கறா. இன்னொண்ணு எழுதிக் குடு."

நாற்பத்திரண்டும் வரிசையாக அவள் நாக்கு நுனியில் இருந்தன. "நெனப்பில்லீங்க" என்றாள்.

அவன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தான். "ஒண்ணு தெரிஞ்சுக்க. நீ போனதுக்கப்பறம் ஊட்ல ஒருத்தரும் உன்ர பேரச் சொல்லல. பெத்தவங்க இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தான்.

கனகா திரும்பி வந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள். மாவு காய்ந்து போயிருந்தது. தண்ணீர் தெளித்துப் பிசைந்துகொண்டு உருட்டத் தொடங்கினாள்.

தொண்ணூற்றொன்பது தசராவின்போது மார்க்கெட்டில் மனிஷாவைக் கண்டாள். வளர்ந்திருந்தாள், பள்ளித் தோழிகள் இரண்டு பேரோடு வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகா கிட்டே போய், "நல்லா இருக்கியா சாமி?" என்றாள். கையில் மாவுக் கறுப்பு ஏறியிருந்ததால் பெண்ணைத் தொடவில்லை.

மனிஷா தலையை மட்டும் ஆட்டினாள். யார் என்று தோழி கேட்டாள்.

"நம்ம மனேலி கெலசக்கித்ரு" என்றாள் மனிஷா, கன்னடத்தில். எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்தவர்.

மூன்று பெண்களும் அடுத்த கடைக்கு நகரும்வரை கனகா நின்றுவிட்டு, தனக்கு வேண்டிய கால் கிலோ கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.