பூந்தமல்லிக்குப் போன பல் வலி

என் தங்கைக்குப் பல் வலி என்பது ஆவடியில் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். அவளுடைய பற்களில் ஒரு குறையும் கிடையாது.

பதினொன்றாம் வகுப்பின் பாதியில் அவள் நின்றுபோனாள். படிப்பை நிறுத்தினாள் என்று சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேன் கரண்ட் போனதும் நிற்குமே, அப்படி. காலையில் யூனிஃபார்ம் போட்டு, ஒரு காலில் ஷூ மாட்டி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். ஃபாக்டரி சங்கு ஊதும். அப்பா கிளம்பிப் போவார். பள்ளி வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ஷூ அவள் கையிலேயே இருக்கும். கேட்டால், "மாட்டணும்க்கா" என்பாள்.

நான் அப்போதுதான் சமூகப்பணி படித்து முடித்திருந்தேன். படித்த சூடு இன்னும் ஆறவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டியது என்று அம்மாவைச் சமையலறைக்கும் கொல்லைக்குமாகத் துரத்தித் துரத்திச் சொன்னேன். அப்பா, எல்லாம் அம்மா முடிவு என்று ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் அம்மா ஒப்புக்கொண்டாள், ஒரே நிபந்தனையோடு. ஆவடியில் வேண்டாம்.

காரணம் இருந்தது. ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே பெஞ்சில் காத்திருப்பவர்கள் எல்லோரும் அப்பாவோடு வேலை பார்ப்பவர்களின் வீட்டு ஆட்கள். யார் எந்த அறை வாசலில் உட்கார்ந்தார்கள் என்பது சாயங்காலத் தண்ணீர் வருவதற்குள் எல்லா பிளாக்குக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் விசாரிப்பதும் அதே ஆட்களிடம்தான்.

ஆகவே பூந்தமல்லி. முதல் நாளே ஷேர் ஆட்டோக்காரர், "இன்னாம்மா, அந்த மென்ட்டல் டாக்டராண்டயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அதுக்குப் பக்கத்துல பல் டாக்டர்ப்பா," என்றாள் அம்மா. நிஜமாகவே பக்கத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பல் வலி அங்கே பிறந்ததுதான். அடுத்த முறையிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தோம்.

டாக்டரம்மா எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தங்கையிடம் தனியாகப் பேசினார். மாத்திரையும் கொடுத்தார். ரொம்ப நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் தங்கை, ஃபேனை ஏன் குறைத்தாய் என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். அவள் சண்டை போட்டே எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்று, விலக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த முறை போனபோது, அந்தக் கிளினிக்கில் எங்கள் மேல் வீட்டு அத்தை உட்கார்ந்திருந்தார், மகனோடு. பத்தாவதில் வாங்கிய மார்க்குக்காகக் குவார்ட்டர்ஸ் விழாவில் மேடையேற்றிக் கைதட்டிய பையன் அவன்.

"இவனுக்குத் தலைவலி. கண்ணு டெஸ்ட் பண்ண வந்தோம். வெயிலா இருக்கேன்னு உட்கார்ந்தோம்," என்றார் அத்தை.

"இவளுக்குப் பல்லு. அங்க உட்கார இடமில்ல," என்றாள் அம்மா.

மனநல மருத்துவர் என்ற போர்டு இருவர் தலைக்கும் மேலே தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அந்தப் பையன் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். தங்கை போய் அங்கே உட்கார்ந்தாள்.

"உனக்கும் தூக்கம் வராதா?" என்று கேட்டாள்.

"தூக்கமெல்லாம் வரும். எழுந்திருக்கத்தான் முடியல."

"எனக்கு ஷூ," என்றாள். அவன் தலையாட்டினான். என்ன ஷூ, ஏன் ஷூ என்று கேட்கவில்லை.

அதற்குமேல் அவர்கள் பேச முடியவில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற இரண்டு அம்மாக்களும் எழுந்துவிட்டார்கள். அத்தை மகனை இழுத்துக்கொண்டு எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார். அம்மா எங்களைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் தங்கையைச் சாய வைத்து, லைட்டடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தபடியே கிடந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் இறங்கியது.

அதோடு டாக்டரம்மாவிடம் போவது நின்றது. மாத்திரை தீர்ந்தது. காலையில் ஷூ மறுபடி அவள் கைக்கு வந்தது. நான் கத்தினேன். அவங்க பையனும்தானே அங்கே இருந்தான் என்றேன். "அது பையன்டி," என்றாள் அம்மா.

இரண்டு வீடும் சேர்ந்தே போகலாமே என்று மேலே போய் அத்தையிடம் கேட்டேன். காபி கொடுத்தார். கண்ணாடி போட்டதிலிருந்து அவனுக்குத் தலைவலியே இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உள் அறையில் அவன் புதுக் கண்ணாடியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

கோடை விடுமுறை முடிந்ததும் அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே எல்லோரையும் விடியற்காலையிலேயே எழுப்பிவிடுவார்களாம். பெட்டியோடு படியிறங்கியவன் எங்கள் வாசலில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தவர் பவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்று திட்டி அம்மா பிடுங்கினாள். பிடுங்கியவள் என்ன நினைத்தாளோ, தானே மாட்டிக்கொண்டு சுவர் காலண்டரைப் பார்த்தாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"பவரே இல்லையேடி."

"அவன் கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு," என்றாள் தங்கை. "என் பல்லு மாதிரி."

அம்மா புடவைத் தலைப்பால் அந்தக் கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஷேர் ஆட்டோவைக் கிளினிக் வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள். உள்ளே தங்கை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தாள். கூட்டம் சேர்ந்தது. ஒரு அம்மாள் வந்து, இங்கே ஆள் வருதாம்மா என்று கேட்டார். தங்கை வாசலை ஒரு முறை பார்த்தாள்.

"இல்லீங்க," என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.