தினமும் ஒரு மாத்திரை

சிலமலை கிராமத்துச் செல்லக்கிளி, பக்கத்து ஊரான போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். கணவன் மகாராஜன் மலையில் ஏலத் தோட்டத்துக் கண்காணி. சரிவுகளில் ஏறி இறங்கி அவனுக்கு முழங்கால் வலி வந்தது. டாக்டர் வைட்டமின் டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்: வாரம் ஒன்று, எட்டு வாரம்.

வலி குறைந்தது. எட்டு வாரம் முடிந்தும் செல்லக்கிளி நிறுத்தவில்லை. வாரம் ஒன்றுக்கே இவ்வளவு குணம் என்றால், தினமும் கொடுத்தால் கால் முழுசாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பழைய சீட்டைக் காட்டியதும் மருந்துக் கடையில் கொடுத்தார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவளே பிரித்து அவன் கையில் வைப்பாள்.

நாலு மாதத்தில் மகாராஜன் பாதியாக இளைத்தான். எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. சோற்றைக் கண்டாலே குமட்டியது. சத்துக் குறைவுதான் என்று எண்ணி அவள் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை.

ஒரு மத்தியானம் அவன் கூப்பிட்டான்.

"ஏ கிளி, அண்ணே வந்திருக்காரு. காப்பி கொண்டா."

அவன் அண்ணன் தங்கபாண்டி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து செத்து ஆறு வருஷம். எதிரே இருந்தது வெறும் நாற்காலி. அதைப் பார்த்து அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாளும் அதே பேச்சு. மலையில் எதுவோ பிடித்துவிட்டது என்றார்கள் அக்கம்பக்கத்தார்; கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் செல்லக்கிளி பயத்தில் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்து, ஒன்றை நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"என்னையும் கூப்பிடுறாரு. வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றான் மகாராஜன், அமைதியாக.

மறுநாள் காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். காலி அட்டைகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. இந்த வைட்டமின் மிஞ்சினால் உடம்பிலேயே தங்கிவிடும், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றி மூளையைக் குழப்பும், கிட்னியைக் கெடுக்கும் என்றார்.

"தினமும் குடுத்தது யாரும்மா?"

"நான்தான் சார். சத்து மாத்திரைதானேன்னு..."

பன்னிரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதில் புத்தி தெளிந்தது. கிட்னி பாதிதான் மிஞ்சியது. இனி மலை வேலை கிடையாது.

அந்த நாட்கள் அவன் நினைவில் இல்லை. "என் நல்லதுக்குத்தான குடுத்த" என்பான். அவளுக்கு அதைக் கேட்கத்தான் முடிவதில்லை. இன்றைக்கும் அவன் செல்போனில் யாருடனாவது பேசிச் சிரித்தால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து பார்க்கிறாள், எதிரே யார் என்று.