டீ மேக்கர் வீட்டு டி.வி.

போன மாதம் ஒரு நாள் காலை. தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே இவர் கேட்டார்.

"அம்மிணி, ஒரு டி.வி. வாங்கிப் போடலாமா?"

கையிலிருந்த தோசைக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுப் பழைய டி.வி.யைத் தெரிந்திருக்கும். முதுகு பெருத்த டப்பா டி.வி. ஓடினால் மேலே நன்றாகச் சுடும். மழைக்காலத்தில் எங்கள் ஊர் அரவேணுவில் துணி காய வேறு வழி ஏது? அதன் தலைமேல் ஈர சாக்ஸைப் போட்டுப் போட்டு… ஈரம் உள்ளே இறங்கி, எல்லோரும் ஊதா நிறத்தில் தெரிய ஆரம்பித்தார்கள். செய்தி வாசிக்கிற பெண், கிரிக்கெட் வீரர், முருகன் - எல்லோரும் ஊதா. பிறகு ஒருநாள் அந்த ஊதாவும் போய்விட்டது.

மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று நான் கேட்காத தீபாவளி இல்லை. இவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. ஏனென்றால் இவர் டி.வி. பார்க்கிற ஆளே கிடையாது.

இவர் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பச்சைக் கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிற வரை இவர் பொறுப்பு. இலை வாடி முடிந்தால்தான் மிஷினை ஓட்ட முடியும். அது சாயங்காலமும் வாடும், விடியற்காலையும் வாடும். அதற்கு நேரம் காலம் தெரியாது. வீட்டுக்கு வந்தால் இவருக்குத் தூக்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து இவரோடு உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த ஃபேக்டரிதான் இப்போது இழுத்துக்கொண்டு கிடந்தது. கொழுந்து விலை விழுந்து வருஷக்கணக்காகிறது. பறிகூலிக்கே கட்டவில்லை என்று சின்னத் தோட்டக்காரர்கள் பறிப்பதையே விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரத்தில் நிற்க வேண்டிய தேயிலைச் செடி, ஆளை மறைக்கிற மரமாக நிற்கிறது. இலை வராத ஃபேக்டரி எதை அரைக்கும்? வாரம் பூராவும் ஓடியது பாதி வாரமாகி, அப்புறம் இரண்டு நாளாகி… ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் தொங்கியது. கேட்டால் திருப்பூர், இல்லாவிட்டால் கோயம்புத்தூர். ஃபேக்டரியை மூடிவிடுவார்களா, மாட்டார்களா - எங்கள் ஊரில் எல்லோர் மனசிலும் இந்த ஒரு கேள்விதான். மூடினால் இவரும் வீட்டில்தான். எல்லா ஃபேக்டரியும் இதே லட்சணத்தில் இருக்கும்போது, ஐம்பதைத் தாண்டிய டீ மேக்கரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனுஷன் தானாக வந்து டி.வி. வாங்கலாமா என்று கேட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

நானும் அதையேதான் நினைத்தேன். அதற்கு முந்தின நாள் முதலாளி இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, ஃபேக்டரி விஷயம் என்று மட்டும் சொன்னார். சரி, நல்ல சேதிதான், உறுதியானதும் சொல்வார் என்று விட்டுவிட்டேன். சாமி படத்துக்குக் கூடுதலாக ஒரு பூ வைத்தேன்.

டி.வி. வாங்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், நம் ஜனங்களில் எத்தனை நிபுணர்கள்! கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன் மகன், ஃபுல் ஹெச்.டி. இல்லாமல் வாங்கினால் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று மெசேஜ் அனுப்பினான். பக்கத்து வீட்டுக்காரர், சுவரில் மாட்டாதீர்கள், சுவர் ஈரம் ஏறும் என்றார். நாத்தனார், ஆடி மாதத்தில் வாங்கக் கூடாது என்று ஆரம்பித்தவள், இது ஆடி மாதமே இல்லை என்றதும் போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் போனோம். இவர் சொன்ன பட்ஜெட்டுக்கு முப்பத்திரண்டு இன்ச்தான் வரும். கடையில் சுவர் பூராவும் டி.வி. எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது - அருவி, கிளி, மீன், பிறகு ஒரு தேயிலைத் தோட்டம், அதற்கப்புறம் ஆவி பறக்கிற ஒரு கப் டீ. மலைமேல் இருக்கிறவனுக்கே மலையைக் காட்டி வியாபாரம். விற்பனையாளர் தம்பி மூச்சுவிடாமல் பேசினார். யு.எஸ்.பி. என்றார், ஹெச்.டி.எம்.ஐ. என்றார், பேனல் என்றார். நான் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

இவர் எதையும் கேட்கவில்லை. அந்த டீ கப் வருகிற இடத்துக்காகக் காத்திருந்தார். வந்ததும் கிட்டே போய்ப் பார்த்தார். அடுத்த டி.வி.க்குப் போனார். அங்கேயும் காத்திருந்து பார்த்தார்.

"இந்தச் செகப்பு டீயில வராதுங்க தம்பி. வேற காட்டுங்க" என்றார்.

தம்பி கலர் செட்டிங்கை மாற்றினார். இப்போது கொஞ்சம் கறுப்பு. இவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றில் டீ சரி, ஆனால் கொழுந்து நீலம் பாய்ந்திருக்கிறதாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டி.வி. வாங்க வந்த இடத்தில் இந்த மனுஷன் டீத்தூள் வாங்கிக்கொண்டிருக்கிறாரே! கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றார். கப் வந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்குது" என்றார்.

அதே மாடலில் பக்கத்திலேயே நாற்பது இன்ச் இருந்தது. பட்ஜெட்டைத் தாண்டும். இவர் முப்பத்திரண்டே போதும் என்றார். நான் விடவில்லை. வாங்குவது ஒரு தடவை, அதைப் பெரிதாக வாங்கினால்தான் என்ன என்றேன். இவ்வளவு வருஷம் ஊதா முருகனைக் கும்பிட்டவளுக்கு இதுகூடக் கிடையாதா என்றேன். தம்பி என் பக்கம் சேர்ந்துகொண்டார். இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்று பணத்தை எடுத்தார்.

பில் போட்டு முடித்ததும் தம்பி எக்ஸ்ட்ரா வாரண்டி பற்றி ஆரம்பித்தார். தினமும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, இவராவது டி.வி. பார்ப்பதாவது, வாரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் அதிசயம் என்று சிரித்தேன்.

"இல்லீங்க தம்பி" என்றார் இவர். "வர்ற மாசத்துல இருந்து நாள் பூரா ஓடும். நான் ஊட்லதான் இருப்பேன்."

"ரிட்டயர்டுங்களா சார்?"

"அப்படித்தானுங்க."

நான் வைத்திருந்த பையை இவர் வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

கோத்தகிரி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?"

மாசக் கடைசியோடு மூடுகிறார்களாம். மிஷினை விலைக்கு வாங்க ஆள் பார்த்தாயிற்றாம். இப்போதே தெரிந்தால் இருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள், கடைசி இலையை யார் தூளாக்குவது, அதனால் ஒருத்தரிடமும் மூச்சு விடக் கூடாது என்று முதலாளி வாக்கு வாங்கிக்கொண்டாராம். உன்னிடம் சொன்னால் பத்தியில் எழுதிவிடுவாயே என்று இவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்படியென்றால் டி.வி. எதற்கு? அதையும் கேட்டேன்.

"கையில இருக்கறப்பவே வாங்கிரலாம்னுதான். அப்பறம் நாம எங்க வாங்கறது?" என்றவர், இன்னொன்றும் சொன்னார். "பகல்ல ஊட்ல உக்காந்து பழக்கமில்ல அம்மிணி. ஏதாச்சும் சத்தம் கேட்டுட்டு இருந்தாத் தேவலை."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த மனுஷனிடமா நாற்பது இன்ச் கேட்டு அடம்பிடித்தேன்? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றேன். வேண்டாம், நீ ஆசைப்பட்டுக் கேட்டது என்றார். அது இன்னும் வலித்தது.

மறுநாள் கடை வேன் வந்தது. டிரைவருக்கு வழி தெரியவில்லை. எங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்… டீக்கடையில் நிறுத்தி, டீ மேக்கர் வீடு எது, டி.வி. கொண்டுவந்திருக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஃபேக்டரி ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி கீழே கோயம்புத்தூரில் இருப்பார், ஆபீஸில் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் ஃபேக்டரியின் ஜாதகத்தை டீ மேக்கர் வீட்டைப் பார்த்துத்தான் கணிப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்தால் நல்ல சீசன். மாடிப்படிக்குச் சிமெண்ட் வந்தால் போனஸ் உண்டு. மனைவியை அம்மா வீட்டுக்கு அனுப்பினால் சம்பளம் இழுக்கும். இப்போது டி.வி., அதுவும் பெரிய டி.வி.!

அன்று பூராவும் ஆள் வந்தபடி இருந்தது. பாய்லர்க்காரர் வந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள். யாரும் நேராகக் கேட்கவில்லை. டி.வி.யைப் பார்த்தார்கள், இவர் முகத்தைப் பார்த்தார்கள், சந்தோஷமாகப் போனார்கள். இவர் வாக்குக் கொடுத்த மனுஷன். எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவர் போன பிறகும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நானும் அதே தப்புக் கணக்கைப் போட்டவள்தானே? அவர்களை என்ன சொல்வது?

சாயங்காலம் லெட்சுமி வந்தாள். ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. சின்னப் பிள்ளையாக சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு இங்கே வந்தவள். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு தட்டில் அதிரசம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சந்தோஷமான விஷயத்துக்கு வெறுங்கையோடு வரலாமா என்றாள்.

"லயம் பூரா ஒரே பேச்சுங்கய்யா" என்றாள். லைன் வீடுகளை அவள் இன்னும் லயம் என்றுதான் சொல்வாள். "மகன் அவன் கம்பெனியிலயே எனக்குச் செக்கிங் வேல கேட்டு வச்சிருந்தான். நாளைக்கு வந்து நிக்கணும்னான். இந்தா இப்ப போய்ப் போன் பண்ணி, நா வரல்ல, எடத்த வேற ஆளுக்குக் குடுத்துறச் சொல்லுன்னு சொல்லப்போறேன். இனி எதுக்கு அங்க போய்க் கெடக்கணும்?"

இவர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். அறை திடீரென்று இருட்டாகிவிட்டது. நான் எழுந்து லைட்டைப் போட்டேன்.

"லெட்சுமி, உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. இவர் முன்னால் அவள் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை.

"மாசக் கடைசியோட ஃபேக்டரிய மூடறாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க. நான் சொல்லிட்டேன். நீ அந்த வேலைய வுட்றாத. நாளைக்கே கெளம்பு."

அவள் இவரைப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், நான் இல்லை என்று சொல்லுவேனோ என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.  

"ஐயாவுக்கு?" என்று கேட்டாள் லெட்சுமி.

இவர் கையை விரித்தார்.

லெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐயா சொல்லாமல் இருந்திருந்தால் ரெண்டு வேலையும் போயிருக்கும் என்றாள். அதிரசத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இவர் ஒன்றை எடுத்துப் பிட்டுக் கையிலேயே வைத்திருந்தார். அடுத்த நாள் காலையிலேயே எல்லா ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிடப் போவதாக என்னிடம் சொன்னார். முதலாளி என்ன சொல்வாரோ என்று நான் கேட்கவில்லை. இவரும் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

வாசல் வரை போன லெட்சுமி திரும்பி வந்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த டி.வி. அட்டைப்பெட்டியைக் காட்டினாள்.

"அம்மா, இது உங்களுக்கு வேணுங்களா? சாமான் கட்ட ஆவும்."

எடுத்துக்கொள் என்றேன்.

பனி இறங்கியிருந்தது. அந்தப் பெரிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லெட்சுமி லைன் வீடுகளின் பக்கம் நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வழியில் பார்த்தவர்கள், லெட்சுமியும் டி.வி. வாங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.