மடங்காத விரல்கள்

சித்தப்பா காலையில் காபி டம்ளரை விரல்களால் பிடிக்க மாட்டார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அணில் கொய்யாப்பழத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, குனிந்து உறிஞ்சுவார். படாளத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் நான் வாசலில் தலை பின்னிக்கொண்டு நிற்கும்போது, பெரும்பாலும் இந்தக் காட்சியைப் பார்ப்பேன். கட்டிலிலிருந்து எழுந்து வெளியே வருவதற்கே அவருக்குச் சுவர் வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றப் பயந்தவர்போல் முன்பாதத்தில் நின்று, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி வருவார். மத்தியானம் பார்த்தால் அதே மனிதர் யாரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு, கால்சட்டை மடிப்புக் கலையாமல் வேலைக்கு நடந்து போவார். காலையில் தள்ளாட்டம், வெயில் ஏறினால் தெளிவு. இதற்கு எங்கள் தெருவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். சித்தப்பா குடிக்கிறார்.

அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர் அவர். எங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். அந்தக் குடும்பத்தில் முதல் அரசாங்கச் சம்பளம் சித்தப்பாவுடையது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸுக்கு டிரைவர். முதல் ஷிப்ட் என்றால் அவருக்கு முகம் செத்துவிடும். யாரையாவது கெஞ்சி மத்தியான ஷிப்ட் மாற்றிக்கொள்வார். ஆள் கிடைக்காத நாட்களில் ஊர் எழுவதற்கு வெகு முன்பே எழுந்து, வெந்நீர் போட்டு, பக்கெட்டில் கையை மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போதை தெளிய வைக்கிறார் என்று சித்தி நினைத்தாள். டிப்போவில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். கருவி ஒன்றும் காட்டவில்லை. அதற்காக யாரும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. கூட வேலை செய்தவர் ஒருவர் சித்தியைக் கூப்பிட்டு, “ஓட்கான்னு ஒண்ணு கீது அண்ணி, வாசனையே வராது. அதத்தான் அண்ணன் அடிக்கிறாரு, பாத்துக்கோ” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சித்தி வாசனை வராத சரக்கைத் தேடி அரிசிப் பானைக்குள் கைவிட ஆரம்பித்தாள்.

சித்தி கெட்டவள் இல்லை. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். குடியை விட வைக்க அவள் செய்யாதது எதுவும் இல்லை. கடைசியில் குடிக்கிறவர்களுக்குக் கயிறு கட்டுகிற கோயில் ஒன்றுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் நிற்க முடியாமல் நின்றார்கள். சித்தப்பா மட்டும் துவைத்த வேட்டியில், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி பளிச்சென்று நின்றார். பூசாரி, “இனிமே தொடமாட்டேன்னு சொல்லு” என்றார். சித்தப்பா கையை நீட்டி, “தொடமாட்டேன் சாமி” என்றார். எனக்குத் தெரிந்து அந்தக் கோயிலில் அன்று செய்த சத்தியங்களில் ஒருநாளும் மீறப்படாதது அது ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலை அவர் மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “சாமிக்கே டேக்கா குடுக்கிறியே, நீ நல்லா இருப்பியா?” சித்தப்பா டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

அவருக்குத் தோலில் படை இருந்தது எல்லோருக்கும் தெரியும். முழங்கை, முழங்கால், பின்தலை. வெள்ளைவெள்ளையாகச் செதில் உதிரும். காக்கிச் சட்டையின் கையை எந்த வெயிலிலும் மடித்துவிட மாட்டார். அவர் இறங்கியதும் கண்டக்டர் துண்டை எடுத்து டிரைவர் சீட்டைத் தட்டிவிடுவார். அது தோல் விஷயம். தள்ளாட்டம் குடி விஷயம். இரண்டும் ஒரே விஷயம் என்று நினைக்க எங்களில் யாருக்கும் எந்த முகாந்திரமும் இல்லை.

பிளஸ் டூ லீவில் ஒருநாள் அவர் பஸ்ஸிலேயே மாமல்லபுரம் போனேன். அடுத்த நடைக்கு நேரம் இருந்தது. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டூரிஸ்ட் கூட்டத்தைத் தாண்டி, மீன்பிடிப் படகுகள் ஏற்றி வைத்திருக்கிற பக்கம். காலில் செருப்பு இல்லாமல் நிற்க முடியாத சூடு. எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, படகு நிழலின் ஓரமாக உட்கார்ந்து இரண்டு கைகளையும் சுடுமணலுக்குள் புதைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மீன் கூடையோடு போன ஒரு அம்மா நின்று, “டிரைவர் அண்ணாத்த தெனிக்கும் வந்து மண்ண நோண்டினுகீறாரே, இன்னாத்தப் பொதச்சி வெச்சிகீறாரு?” என்று கேட்டார். வலை சரி பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், “குவாட்டருதான், வேற இன்னா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். நானும்தான்.

ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். குடித்தே போனான் என்றார்கள். வருடா வருடம் அவர் நினைவு நாளுக்குப் படையல் போடும்போது, செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் என்று, வடை, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குவாட்டர் பாட்டிலை மூடி திறந்து வைப்பார்கள். படத்தில் சித்தப்பா முழுக்கைச் சட்டையில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் படை வந்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. டாக்டர் அதற்கு சொரியாசிஸ் என்று பெயர் சொன்னார். இந்த நோயோடு பதினேழு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இதில் சாவு பயம் இல்லை, அலுப்புதான். காலையில் எழுந்ததும் படுக்கையைத் தட்டு, தரையைப் பெருக்கு, தைலம் தடவு, கறுப்புச் சுடிதாரை வாங்காதே, ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறினால் சீட்டு கிடைத்தாலும் ஜன்னல் ஓரமாக ஒடுங்கிக்கொள். பக்கத்தில் உட்காருகிற பெண் என் முழங்கையைப் பார்ப்பாள், பிறகு மெதுவாகத் துப்பட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். ஒட்டாதும்மா என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். கத்திரிக்காயை விடு என்றார்கள், விட்டேன். கருவாட்டை விடு என்றார்கள், விட்டேன். கருவாடு போனது, படை போகவில்லை. வேப்பிலை, குப்பைமேனி, கடல் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. கொஞ்சம் அடங்கும், மழைக்காலத்தில் மறுபடி கிளம்பும். சரி, தோல்தானே என்று பழகிக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. விரல் முழுக்க வீங்கி, தோல் இறுகி, மரக்கட்டை மாதிரி நின்றது. காபி டம்ளரை எடுக்கப் போனேன், நழுவியது. யோசிக்காமல் இன்னொரு உள்ளங்கையையும் கொடுத்து ஏந்தினேன். ஏந்திய பிறகுதான் அது யாருடைய பழக்கம் என்று தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் விரல் மடங்கிவிட்டது. போனில் தேடிப் படித்தேன். இந்தப் படை உள்ளவர்களில் சிலருக்கு அதே நோய் மூட்டுக்குள்ளும் இறங்கும், காலையில் விறைக்கும், நேரம் ஆக ஆக இளகும், குதிகால் வலிக்கும் என்று போட்டிருந்தது. சித்தப்பாவைப் பற்றி யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது. அவரை நினைத்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் முதலில் வந்தது என்னைப் பற்றிய பயம்தான்.

ஏனென்றால் எனக்குப் பிழைப்பே விரலில் இருக்கிறது. செங்கல்பட்டில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிறேன். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆள்காட்டி விரல் நுனியால் தடவி நரம்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நரம்பும் விரலுக்குத் தெரியும். என் விரல் செயல்படாத நேரமும், ஊருக்கு என் விரல் தேவைப்படுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. “கையி நடுங்குது பாரு, நாஸ்தா துன்ட்டு வந்து குத்தும்மா” என்றார். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கணவரிடம் சொன்னேன். “எந்நேரமும் போன நோண்டுனா விரல் வலிக்காம இன்னா பண்ணும்?” என்றார். நல்ல மனிதர்தான்.  வேலை போய்விடுமோ என்கிற பயத்தில் இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளில் கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட். துணைக்கு சித்தி வந்தாள். அவளுக்கு இப்போது எழுபதை நெருங்குகிற வயது, ஆனாலும் கட்டைப் பையில் தண்ணீரும் இட்லியும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றுவிட்டாள். தோல் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். என் விரல் கணுக்களை அழுத்திப் பார்த்தார். நகத்தை வெளிச்சத்தில் திருப்பினார். ஊசியால் குத்தியதுபோல் அதில் இருந்த குழிகளைப் பார்த்தார். “காலைல எந்திரிச்சதும் விறைப்பா இருக்கா? வேலை செய்யச் செய்ய சரியாயிடுதா? குதிகால் வலி இருக்கா?” ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாம் என்றேன். பின்னால் நின்ற சித்தியின் பை தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது.

“வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முன்னால் வந்தாள். “டாக்டரம்மா, நகம் இப்பிடி குயி குயியா கீறவங்களுக்கு, காலைல நடக்கவே முடியாதா?” முடியாமல் போகலாம் என்றார் டாக்டர். “சொவுரப் புடிச்சிகினு நடப்பாங்களா?” சிலர் நடப்பார்கள் என்றார். சித்தி என் நகத்தைப் பார்த்தாள். பிறகு, குரல் இறங்கி, “குடிக்காதவங்களுக்கும் இது வருமாம்மா?” என்று கேட்டாள். டாக்டருக்குப் புரியவில்லை. “குடிக்கும் விறைப்புக்கும் சம்பந்தம் இல்லம்மா. தோல்ல இருக்கிற நோய்தான் மூட்டுக்குப் போகுது” என்று சொல்லிவிட்டு, எனக்கு ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எழுதினார். மூட்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஆரம்பம்போலத்தான் தெரிகிறது, மாத்திரையில் கட்டுப்படலாம், ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். ‘பார்க்கலாம்’ என்கிற அந்தச் சொல்லைப் பதினேழு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். சித்தி குடிக்கவில்லை. டீயின் மேல் ஆடை கட்டியது. அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “நமக்கு எப்படித் தெரியும் சித்தி? சித்தப்பா வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“சொன்னாரு” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமல்லபுரம் பஸ் ஒன்று உள்ளே நுழைந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஒரு தபா சொன்னாரு. கயிறு கட்றதுக்கெல்லாம் மின்னாடி. கைய நீட்டிக் காட்டி, மடங்கலடி, எலும்புக்குள்ள இன்னாவோ பண்ணுதுன்னாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? ராவெல்லாம் கெளாசு புடிச்ச கை, காலைல எப்பிடி மடங்கும்னேன். சிரிச்சாரு. அதுக்கப்புறம் சொல்லல.” டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கப்பைக் குப்பைக்கூடையில் போட்டாள். “நான்தான் கேக்கல. அவுரு சொன்னாரு” என்றாள் மறுபடியும்.  படாளத்துக்குப் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து விரல்களை நீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சித்தி. “இன்னாடி, மடங்குச்சா?” வேறு விசாரிப்பு எதுவும் இல்லை. இன்னும் இல்லை என்றேன். “செரி” என்றாள், போனை வைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். மாத்திரை சாப்பிடுகிறேன், சில நாட்கள் பரவாயில்லை, சில நாட்கள் பழையபடிதான். மடங்கவில்லை என்று நான் சொல்கிற நாட்களில் அவள் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை, பேசுவதே இல்லை. அந்தப் பக்கம் பாத்திரம் நகர்கிற சத்தமும், ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் போகிற சத்தமும் கேட்கும். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வெந்நீரில் கையை விட்டபடி உட்கார்ந்திருப்பேன். மெல்ல மெல்ல விரல் இளகி உள்ளங்கையைத் தொடும். “மடங்கிடுச்சி சித்தி” என்பேன். அதைக் கேட்ட பிறகுதான், “செரி, வேலைக்குப் போ” என்று சொல்லி வைக்கிறாள்.